கீரி கேட்ட புது முட்டை

உப்பளத்தை ஒட்டிய காட்டில் ஒரு கல்மேடு இருந்தது. அங்கே ஒரு கௌதாரியும் ஒரு முயலும் ஓர் அணிலும் குடியிருந்தன. அந்த மேட்டில் எதை விதைத்தாலும் முளைக்காது. தப்பி முளைத்தாலும் வெயில் விட்டுவைக்காது. போன வருஷம் மூன்றும் சேர்ந்து விதைத்த தினையில் ஒரு கதிர்கூடத் தேறவில்லை.

காட்டின் நடுவே ஒரு குளம். அதன் வடகரையில் கறுப்பு மண் வயல் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை குளக்கரையில் வேளாண்மைப் போட்டி நடக்கும். மண், பூச்சி, விதை என்று மூன்று சுற்று. ஜெயிக்கிற அணிக்கு அந்த வயல் ஒரு வருஷத்துக்குச் சொந்தம். ஐந்து வருஷமாகக் காட்டுப்பன்றிகள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தன. மற்ற விலங்குகள் ஒன்றும் படிக்காமல் வந்து நின்று, கேட்ட கேள்விக்கு விழிக்கும். பன்றிகளும் அவ்வளவாகப் படித்தவை அல்ல. ஆனால் விழிக்கிறவர்கள் நடுவே ஏதோ சொல்கிறவன் ஜெயித்துவிடுகிறான்.

"இந்த வருஷம் நாமளும் போவோம்" என்றது கௌதாரி. அதன் கூட்டில் முட்டைகள் இருந்தன. "குஞ்சு பொரிச்சு வந்தா, இந்தக் கல்லையா கொத்தித் தின்னும்?"

"போகலாம். நமக்கு யாரு சொல்லிக் கொடுப்பா?" என்று கேட்டது அணில். மூன்றுக்கும் இதுதான் முதல் போட்டி.

"நான் சொல்லித் தர்றேன்" என்று புதருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எட்டிப் பார்த்தால், கீரி.

முயல் இரண்டடி பின்னால் குதித்தது. கௌதாரி ஓடிப்போய்க் கூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. கீரி அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ரெண்டு வருஷம் ஒரு விதைக் கிடங்குல இருந்தேன். எலி பிடிக்கிற வேலை. அங்க வர்ற விவசாயிங்களுக்கு அதிகாரி சொல்லிக் கொடுக்கிறதை எல்லாம் கேட்டிருக்கேன். மண்ணு, பூச்சி, விதை, மூணும் எனக்குத் தெரியும். வேணும்னா நாளைக்குக் காலையில வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்றது முயல். "இவனுக்கு நம்ம மேல என்ன அக்கறை?"

"அவன்கிட்டயே கேட்டுடலாமா?" என்றது அணில்.

"கேட்டா உண்மையைச் சொல்லவா போறான்? நாம உஷாரா இருப்போம். படிப்பு மட்டும் நமக்கு, ஆபத்து நமக்கு வேண்டாம்."

மூன்றும் ஒத்துக்கொண்டன. மறுநாள் காலை கிளம்பிப் போயின. ஆனால் ஒரே இடத்தில் உட்காரவில்லை. அணில் மரத்தின் மேல், முயல் வளைக்குப் பக்கத்தில், கௌதாரி பறக்கத் தயாராக. இப்படி உட்கார்ந்து பாடம் கேட்ட மாணவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கீரி முதலில் மண் பாடம் எடுத்தது. "மேல் மண்ணை அள்ளிட்டு வந்துடக் கூடாது. புல்லு சருகை ஒதுக்கிட்டு ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாக் குழி வெட்டணும். பக்கவாட்டுல மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா மண்ணைச் சுரண்டணும். வயல்ல பத்து இடத்துல இப்படி எடுத்துக் கலக்கணும். எங்கே, தம்பி, ஒரு குழி வெட்டு பார்ப்போம்."

"குழியா? யாருக்கு?" என்று கேட்டது முயல்.

"மண்ணுக்குத்தான்."

முயல் வெட்டியது. வெட்டும்போது ஒரு கண் குழியில், ஒரு கண் கீரியின் பல்லில். இருந்தாலும் நன்றாகவே வெட்டியது. முயலுக்குக் குழி வெட்டச் சொல்லியா தரவேண்டும்?

அடுத்த நாள் பூச்சிப் பாடம். மூன்றாம் நாள் விதைப் பாடம்.

"நெல்லுல பதரு இருக்கும், அது சும்மா தண்ணியிலேயே மிதந்துடும்" என்றது கீரி. "கருக்காய்னு ஒண்ணு இருக்கு. பாதி அரிசிதான் உள்ள இருக்கும். வெளியே பார்த்தா நல்ல நெல்லு மாதிரியே தெரியும். சும்மா தண்ணியில போட்டா முழுகிடும். உப்புத் தண்ணியில போட்டாத்தான் மிதக்கும். அந்தத் தண்ணியில எவ்வளவு உப்புப் போடணும்னு கண்டுபிடிக்கிறதுதான் வித்தை. அதுக்கு ஒரு முட்டை வேணும்."

மூன்றும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"என்ன வேணும்?" என்றது கௌதாரி.

"முட்டை. தண்ணியில போட்டா அடியில போய் உட்காரும். கொஞ்சம் கொஞ்சமா உப்பைப் போட்டுக் கலக்கிட்டே இருக்கணும். முட்டை மேலே வந்து, நெத்திப் பொட்டு அளவுக்கு வெளியே தெரியும். அப்ப உப்பை நிறுத்திடணும். அதுதான் சரியான தண்ணி. ஆனா ஒண்ணு, முட்டை புதுசா இருக்கணும். நேத்து வச்சதா இருந்தா ரொம்ப நல்லது."

அவ்வளவுதான். மூன்றும் விழுந்தடித்துக் கல்மேட்டுக்குத் திரும்பி வந்தன.

"பார்த்தியா?" என்று வெடித்தது முயல். "புது முட்டையாம்! நேத்து வச்சதாம்! ருசி பார்க்கிறவன் கேட்கிற மாதிரி இல்ல?"

"உப்பு வேற போடணுமாம்" என்றது அணில்.

கௌதாரி ஓடிப்போய் முட்டைகளை எண்ணிப் பார்த்தது. அதன் கூட்டில் ஐந்து முட்டைகள் இருந்தன. நான்கு இந்த வாரம் இட்டவை. ஐந்தாவது போன முறை அடைகாத்தும் பொரிக்காமல் போன கூமுட்டை. தூக்கிப்போட மனம் வராமல் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது.

முயலின் கண் அந்த ஐந்தாவது முட்டையின் மேல் விழுந்தது. "இதை எடுத்துட்டுப் போ. தின்னா தின்னுட்டுப் போறான். வயிறு கெட்டு ரெண்டு நாள் படுத்துக் கிடப்பான்."

"போட்டிக்கு ஆகுமா?" என்று கேட்டது கௌதாரி.

"முட்டை முட்டைதானே" என்றது அணில். "மிதக்கணும். அவ்வளவுதானே அவன் சொன்னான்?"

மறுநாள் கூமுட்டையைக் கொண்டுபோனார்கள். ஓர் உடைந்த தாழியில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் உப்பளத்திலிருந்து கீரி கொண்டுவந்த உப்புக் கட்டி இருந்தது.

"அண்ணே, நீங்க அந்த வேலமரத்துக்கிட்டயே நின்னு சொல்லுங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றது கௌதாரி.

கீரி ஒரு நொடி அதைப் பார்த்தது. பிறகு வேலமரத்தடிக்குப் போய் நின்றது. "முட்டையைப் போடு, தங்கச்சி. என்ன ஆச்சு?"

கௌதாரி முட்டையைத் தண்ணீரில் விட்டது. ஒரு கல் உப்புகூடப் போடவில்லை. முட்டை தக்கை போல மிதந்தது.

மூன்றுக்கும் ஒரே சந்தோஷம். "மிதக்குது அண்ணே! பொட்டு அளவு என்ன, கால்வாசி முட்டை வெளியே தெரியுது" என்றது அணில்.

"எவ்வளவு உப்புப் போட்டீங்க?"

ஒன்றும் போடவில்லை என்று சொன்னால் சந்தேகப்படுவானே என்று, "ஒரு பிடி" என்று புளுகியது முயல்.

கீரியின் மீசை துடித்தது. "ஒரு பிடியிலயா? அந்தத் தாழிக்கு அது பத்தாதே. முட்டையை இங்க கொண்டு வாங்க, நான் பார்க்கணும்."

மூன்றும் தாழியை மறைத்துக்கொண்டு நின்றன. முயல் மற்ற இரண்டின் காதில் கிசுகிசுத்தது. "வந்துட்டான் பாரு விஷயத்துக்கு. முட்டையைக் காட்டணுமாம்."

"முட்டை எங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே" என்றது கௌதாரி.

கீரிக்குக் கோபம் வந்தது. "சரி. உங்க முட்டை, உங்க போட்டி" என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. மூன்றும் கீரியை ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தன. போட்டியே இன்னும் நடக்கவில்லை. அதற்குள் ஜெயித்த சந்தோஷம்!

போட்டி நாள் வந்தது. காட்டெருமைதான் நடுவர். அது அவசரப்படாது. எதையும் அசைபோட்டுத்தான் தீர்ப்புச் சொல்லும். மற்ற அணிகள் வழக்கம்போல முதல் கேள்விக்கே விழித்து ஒதுங்கிவிட்டன.

மண் சுற்றில் முயல் ஒரு சாண் ஆழத்துக்குச் சரிவாகக் குழி வெட்டிச் சீராக மண் சுரண்டியது. பன்றிகள் மேல் மண்ணை மூக்கால் உழுது சருகோடு அள்ளி வந்தன. எருமை தலையை ஆட்டி முயல் பக்கம் ஒரு கோடு போட்டது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

பூச்சிச் சுற்றில் எருமை ஒரு சிலந்தியைக் காட்டி, "இதை என்ன செய்யணும்?" என்றது.

"ஒண்ணும் செய்யக் கூடாது. அது தத்துப்பூச்சியைப் பிடிச்சுத் தின்னும். வயலுக்கு நல்லது" என்றது அணில். அதுவும் சரி. பன்றிகளும் அதையே திருப்பிச் சொல்லின. ஆனால் அடுத்து வந்த புழுவின் பெயரை அணில் மறந்துவிட்டது. பன்றிகள் அதைத் தின்று பழகியிருந்ததால் டக்கென்று சொல்லிவிட்டன. பூச்சிச் சுற்று அவற்றுக்குப் போய், ஆளுக்கொரு கோடு ஆயிற்று. விதைச் சுற்றில் ஜெயிப்பவர்களுக்குத்தான் வயல்.

கௌதாரி வடகரையைப் பார்த்தது. ஈரமான கறுப்பு மண். நான்கு குஞ்சுகள் அந்த வரப்பில் பின்னாலேயே ஓடிவருவது போல அதற்குத் தோன்றியது.

ஒவ்வோர் அணிக்கும் ஒரு தாழித் தண்ணீர், ஒரு குவியல் உப்பு, ஒரு மரக்கால் நெல். முட்டையை அணியே கொண்டுவர வேண்டும். பன்றிகள் குளத்தில் நீந்தும் நாமக்கோழியின் முட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தன. எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நாமக்கோழியையும் அங்கே காணவில்லை.

கௌதாரி அதே ஐந்தாவது முட்டையைப் போட்டது. உடனே மிதந்தது. பேருக்கு ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, முட்டையை வெளியே எடுத்து வைத்துவிட்டு நெல்லைக் கொட்டியது. கொஞ்சம் பதர் மேலே வந்தது. அதை வழித்து எறிந்தார்கள். மிச்சம் எல்லாம் அடியில் போய்ச் சேர்ந்தது.

"நம்ம நெல்லு அத்தனையும் நல்ல நெல்லு" என்றது அணில்.

பன்றிகள் இன்னும் உப்புப் போட்டுக்கொண்டே இருந்தன. ஒரு பிடி, இன்னொரு பிடி, இன்னொரு பிடி. முயலுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்ற கீரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

எருமை வந்தது. இரண்டு அணி நெல்லிலும் ஒரு வாய் எடுத்து மென்றது. பன்றிகளின் நெல் நறுக்நறுக்கென்று கடிபட்டது. கல்மேட்டு அணியின் நெல்லை மெல்லும்போது சத்தம் பாதி வந்தது, பாதி வரவில்லை. எருமை அதைத் துப்பியது.

"பாதிக்குப் பாதி கருக்காய். உங்க தண்ணியில உப்பே இல்லையே. முட்டை எப்படி மிதந்துச்சு?"

எருமை குளம்பால் முட்டையை லேசாக உருட்டியது. அது டப்பென்று உடைந்தது. வந்த நாற்றத்தில் பாதிக் கூட்டம் குளத்துக்குள் குதித்துவிட்டது.

"கூமுட்டை" என்றது எருமை.

"யாரைச் சொல்றீங்க? முட்டையையா, அணியையா?" என்று மரத்தின் மேலிருந்து ஒரு காக்கை கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

"புது முட்டை சும்மா தண்ணியில முழுகும். கெட்டுப்போன முட்டைக்கு உப்பே வேண்டாம், அது பாட்டுக்கு மிதக்கும். அதனாலதான் புது முட்டை கேட்கிறது" என்ற எருமை, வயலைப் பன்றிகளுக்குக் கொடுத்தது.

முயலும் அணிலும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கல்மேட்டுக்கு நடந்தன. கௌதாரி மட்டும் கீரியைத் தேடிப் போனது. வெட்கத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. ஆத்திரம் கீரி மேலா, தன் மேலா என்று அதற்கே தெரியவில்லை.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்து உங்களுக்கு என்ன லாபம்?"

"இதைக் கேட்க இன்னைக்குத்தான் வாய் வந்துச்சா?" என்றது கீரி. "நீங்க ஜெயிச்சு நெல்லு விளைவிச்சா வயலுக்கு எலி வரும். ஒரு போகம் முழுக்க எனக்குச் சாப்பாடு. பன்னிங்க விதைச்சா என்ன வரும்? கதிர் வர்றதுக்குள்ள வயலை உழப்பிச் சேறாக்கிடும். உன் முட்டையைத் தின்னா எனக்கு ஒரு வேளை. உன் நெல்லு விளைஞ்சா நாலு மாசம். எது நல்ல கணக்கு?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"முன்னாடியே கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா இதையேதான் சொல்லியிருப்பேன். என்னை நம்பலைன்னா, முட்டை தர முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். ஏன் புது முட்டைன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாக்கூட இன்னைக்கு அந்த வயலு உன்னுது."

கௌதாரிக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு கேட்டது. "நான் நல்ல முட்டையே கொடுத்திருந்தா?"

"போட்டி முடியிற வரைக்கும் அது பத்திரமா இருந்திருக்கும்."

"முடிஞ்சப்புறம்?"

கீரி உதட்டை நக்கிக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

சந்தேகப்படுவது குற்றமில்லை. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்காமல் அடுத்தவனுக்குக் கூமுட்டை கொடுக்கிறவன், கடைசியில் தானே கூமுட்டை ஆகிறான்.