அரசர் கொடையைக் கல்லில் வெட்டிய கதை

முன்னொரு காலத்தில், கொடுப்பதைவிடக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பிரியமுள்ள ஓர் அரசர் இருந்தார். பெயர் விசயகண்டர். அவர் நாட்டில் மாடுகள் வாயிலும் குளம்பிலும் புண் கண்டு, தொழுவம் தொழுவமாகச் சாகத் தொடங்கின. அப்போது அரசர் நல்ல காரியம் ஒன்று செய்தார். நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். ஆராய்ச்சி மண்டபம் ஒன்றைக் கட்டினார். பண்டிதர்களை அமர்த்தி, நெல்லும் பட்டும் பல்லக்கும் கொடுத்து, “இந்த நோய்க்கு வழி கண்டுபிடியுங்கள்” என்றார்.

பண்டிதர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். கண்டுபிடித்ததை ஏட்டில் எழுதி, ஏட்டைப் பட்டில் சுற்றி, பேழையில் வைத்து, மண்டபத்தைப் பூட்டினார்கள். பிறகு ஒருவரை ஒருவர் புகழ்ந்து பாயிரம் எழுத உட்கார்ந்தார்கள். வெளியே மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. பாயிரத்தில் எதுகை சரியாக அமையவில்லை என்பதுதான் அவர்களுக்கு அப்போது பெரிய கவலை.

ஒரு நாள் அங்கம்மாள் என்ற உழவர் வீட்டுப் பெண் மண்டபத்து வாசலுக்கு வந்தாள். காவலன் மறித்தான்.

“மாட்டு நோய்க்கு உள்ள வழி எழுதி வச்சிருக்காங்களாமே, அதைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

“நூலைப் பார்க்கணும்னா, ஏற்கெனவே பார்த்தவங்க ரெண்டு பேரு உன்னைத் தெரியும்னு சொல்லணும்மா.”

“பார்த்தவங்க யாரு?”

“உள்ள இருக்கிற பண்டிதருங்க.”

“அவங்களை நான் எங்க போய்ப் பார்க்கிறது?”

“உள்ள போய்த்தான்.”

அந்த வழியாக வந்த காளத்தி இதைக் கேட்டு நின்றான். காளத்தி அரசவை விகடன். நாக்கு ஒன்றுதான் அவனுக்குச் சொத்து.

“உன் வீட்டில் என்னம்மா போச்சு?” என்று கேட்டான்.

“ஜோடியில ஒண்ணு போயிருச்சு சாமி. மிச்சம் இருக்கிற மயிலைக்காளையும் நேத்திலேர்ந்து நுரை தள்ளுது. அதுவும் போச்சுன்னா நுகத்தடியில நான்தான் கழுத்தைக் கொடுக்கணும்.”

காளத்தி நேரே தலைமைப் பண்டிதர் திருமேனிநாதரிடம் போனான். அவர் சாய்ந்து படுத்துத் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்தார்.

“சாத்திரம் மாட்டுக்காரர் வாயில் புகுந்தால் அதன் மதிப்பு என்னாவது, காளத்தி?” என்றார்.

“மாட்டின் வாயில் இருக்கிற புண் என்னாவது என்றுதான் நான் யோசித்தேன், சுவாமி.”

பண்டிதருக்கு முகம் சிவந்துவிட்டது. இவனை நாட்டைவிட்டே ஓட்டினால்தான் தொண்டையில் சோறு இறங்கும் என்று முடிவு கட்டினார்.

அதற்கு வாய்ப்பும் வந்தது. அரசருக்குத் தம் கொடையைக் கல்வெட்டாகப் பார்க்க ஆசை பிறந்தது. உடனே திருமேனிநாதர் எழுந்தார்.

“மன்னர் மன்னவா, அந்தப் பொறுப்பைக் காளத்தியிடம் விடுங்கள். தங்கள் புகழை எழுதட்டும். ஆனால் கல்லில் பொய் ஏறக் கூடாது. ஒரு பொய் இருந்தாலும் அவனை நாடு கடத்த வேண்டும்.”

புகழ்ந்தால் பொய் வந்துவிடும், புகழாவிட்டால் அரசருக்குக் கோபம் வரும். இரண்டில் எது நடந்தாலும் காளத்தி தொலைந்தான் என்பது பண்டிதரின் கணக்கு.

அரசர் ஒப்புக்கொண்டார். “காளத்தி, நான் இந்த நாட்டுக்குக் கொடுத்தது என்ன என்பதைக் கல்லில் வெட்டு. ஒன்றையும் விடாதே, பொய்யும் கலக்காதே. அதிகம் பேர் பார்க்கும் இடத்தில் நாட்டு.”

“உத்தரவு. பண்டிதர்கள் செய்ததை எழுதாமல் தங்கள் கொடை விளங்காது. அவர்கள் நூலை ஒருமுறை நான் பார்க்க வேண்டும். எழுதியதை அவர்களே சரிபார்த்து முத்திரை வைக்கட்டும்.”

தங்களைப் பற்றி எழுதப்போகிறான் என்றதும் பண்டிதர்கள் பேழையைத் திறந்துவிட்டார்கள். காளத்தி ஏடு ஏடாகப் புரட்டினான். குரு வணக்கம். பாயிரம். பாயிரத்துக்கு உரை. வேறு ஊர்ப் பண்டிதர்களுக்கு வசவு. நடுவே, தவறி விழுந்தது போல, அரை ஏட்டில் நோய்க்கு வழி.

காளத்தி எழுதிய வாசகம் பண்டிதர்களிடையே சுற்றியது. யார் பெயர் முன்னே, யார் பெயர் பின்னே என்று சண்டை மூண்டு, குடுமி அவிழ்ந்து, ஒருவழியாக அடங்கியது. ஒவ்வொருவரும் தம் பெயரைத் தேடிப் பிடித்து, பட்டத்தில் எழுத்துப் பிழை இல்லை என்று கண்டதும் முத்திரை குத்தினார்.

“முடிவில் வழக்கமான சாபத்தையும் சேர்” என்றார் திருமேனிநாதர். “எங்கள் பெயரை எவனும் அழித்துவிடக் கூடாது.”

“அப்படியே, சுவாமி.”

அரசர் சொன்னபடி, அதிகம் பேர் பார்க்கும் இடத்தைத்தான் காளத்தி தேர்ந்தான். அது மாட்டுச் சந்தையின் தண்ணீர்த்தொட்டி. கல்வெட்டு வேலையில், ஒருவர் ஏட்டைப் பார்த்து உரக்கச் சொல்ல, சிற்பி உளியால் வெட்டுவார். சொல்லும் வேலையைக் காளத்தி தானே எடுத்துக்கொண்டான். ஒரு வரி வெட்டி முடியும்வரை அதே வரியைத் திரும்பத் திரும்பக் கத்தினான். சந்தைக்கு வந்தவர்கள் காது கொடுக்க மறுத்தாலும் அது காதுக்குள் போயிற்று.

திறப்பு நாள் வந்தது. அரசர் யானையில் வந்து இறங்கித் திரையை விலக்கினார். கல்லில் இப்படி இருந்தது:

“விசயகண்ட மன்னர் தம் நாட்டுக்குக் கொடுத்தது. நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டு. பொதுத்தொட்டியில் அதற்குத் தண்ணீர் காட்டாதே. குளம்பை உப்புநீரில் கழுவி வேப்பெண்ணெய் இடு. வாய்ப்புண்ணில் தேன் தடவிக் கஞ்சி ஊட்டு. கை கழுவாமல் அடுத்த மாட்டைத் தொடாதே.” கீழே பண்டிதர்களின் பெயர்கள். அதற்கும் கீழே சாபம்.

“ஐயோ! எங்கள் சாத்திரத்தைத் திருடிவிட்டான்!” என்று திருமேனிநாதர் அலறினார்.

“திருட்டா? உங்கள் முத்திரை இருக்கிறதே சுவாமி. வாசித்துத்தானே வைத்தீர்கள்?”

“வாசித்தோம்…” என்று கூட்டத்தில் ஒரு பண்டிதர் இழுத்தார், “அவரவர் பெயரை.”

அரசர் காளத்தியிடம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. “நான் கொடுத்த நெல் எங்கே? பட்டு எங்கே? பல்லக்கு எங்கே?”

“நாட்டுக்குக் கொடுத்ததைத்தானே வெட்டச் சொன்னீர்கள், மன்னா? நெல்லை இவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள். பட்டை உடுத்தியிருக்கிறார்கள். பல்லக்கு அதோ, இவர்களை இறக்கிவிட்டு நிற்கிறது. நாட்டுக்கு வந்து சேர்ந்தது இந்தச் சில வரிதான். வேறு எதை எழுதினாலும் பொய்யாகிவிடும். பொய் எழுதினால் நாடு கடத்துவீர்கள்.”

“அழியுங்கள் அதை! யாரங்கே, உளி கொண்டு வா!” என்று கத்திய திருமேனிநாதர், சிற்பியின் கையிலிருந்தே உளியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார்.

“தாராளமாக. கடைசி வரியை மட்டும் வாசித்துவிட்டு அழியுங்கள்” என்றான் காளத்தி.

“இதை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்” என்றிருந்தது. பண்டிதர் கையிலிருந்து உளி நழுவியது.

அந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அங்கம்மாள் வந்தாள். பின்னாலேயே மயிலைக்காளை, கால் கொஞ்சம் விந்தினாலும் வாயில் வைக்கோலோடு நடந்து வந்தது.

“அன்னிக்கு வெட்டுறப்போ கேட்டுட்டுப் போய் அப்படியே செஞ்சேனுங்க. பொழைச்சுக்கிச்சு! இந்த வழியைக் கண்டுபிடிச்ச புண்ணியவான் யாருங்க? காலைத் தொட்டுக் கும்பிடணும்.”

“நான்தான்!” என்றார் திருமேனிநாதர். “நான்தான் அம்மா, என் பெயர்தான் முதலில் இருக்கிறது!”

“அவர் எழுதியது பாயிரம் மட்டும்தான், வழி கண்டது நான்தான்!” என்றார் இன்னொருவர். அடுத்தவரை முழங்கையால் இடித்துக்கொண்டு அத்தனை பேரும் அவளுக்கு முன்னால் காலை நீட்டினார்கள். காளை மிரண்டு பின்வாங்கியது.

அரசர் அவர்களைப் பார்த்தார், காளையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் காளத்திக்குப் போட்டார்.

“இனிமேல் என் நெல்லைத் தின்று எழுதுகிற எந்த நூலும் முதலில் சந்தையில் வாசிக்கப்படட்டும், பிறகு மண்டபத்துக்குப் போகட்டும்” என்று ஆணையிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “காளத்தி, என் புகழையும் ஓர் ஓரத்தில் நாலு வரி வெட்டக் கூடாதா?” என்றார்.

“வெட்டலாம் மன்னா, கல்தான் போதாது. ஆட்டு நோய்க்கும் கோழி நோய்க்கும் நூல் மண்டபத்துக்குள்ளே இருக்கிறதாம்.”