பஸ் ஸ்டாப்பில் இறங்காதவள்

மாசிலாமணி இருபது வருடமாக பைக் ஓட்டுகிறார். முன் பிரேக்கை மட்டும் தொட்டதில்லை. தொட்டால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வளைவில் பின் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி சறுக்கி விழுந்தது. பின்னால் இருந்த மனைவி சுகந்திக்கு மணிக்கட்டு உடைந்தது. ரோட்டில் மணல் கிடந்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

கை கூடிவிட்டது. ஆனால் சுகந்தி அதன்பிறகு அந்த வண்டியில் ஏறவில்லை.

"நீங்க போங்க. நான் பஸ்ல வர்றேன்."

ஒரே கல்யாணத்துக்கு அவர் பைக்கில் போவார், அவள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். இருவருக்கும் சண்டையா என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். சண்டையாக இருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு திடலில், ஓட்டத் தெரிந்தவர்களுக்கே மறுபடி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள் ரெஜினா. மாசிலாமணியின் வயதில் பாதிதான் இருக்கும். அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கக் கற்றார். வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைக்கக் கற்றார். நினைத்த இடத்தில் வண்டி நின்றபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

ஒரு நாள் கேட்டார்.

"டீச்சர், எல்லாம் கைக்கு வந்திருச்சு. எங்க வீட்டுக்காரி பயம் மட்டும் எப்பப் போகும்?"

ரெஜினா அவருக்குப் பின்னால் ஏறி, அவர் தோளில் ஒரு கையை வைத்தாள்.

"பைபாஸ் வரைக்கும் போயிட்டு வருவோம்ணே."

போய் வந்தார்கள்.

"என் கை எங்கெங்க இறுகுச்சு?"

"கவனிக்கலையே டீச்சர்."

"இன்னொரு தடவை போவோம்."

இந்த முறை தோளிலும் கவனம் வைத்தார்.

"வேகத்தடையில இறுகுச்சு. பஸ்ஸை முந்தினப்ப நல்லாவே இறுகுச்சு."

"அப்ப நீங்க என்ன நினைச்சுட்டிருந்தீங்க?"

"நல்லா ஓட்டுறேன்னு நினைச்சேன்."

"முந்தப்போறது உங்களுக்கு முதல்லயே தெரியும்ணே. எனக்கு முந்தின பிறகுதான் தெரிஞ்சுது."

மாசிலாமணி ஹெல்மெட்டைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றுமில்லை.

அதன்பிறகு கூடப் படிப்பவர்கள் யாரையாவது பின்னால் ஏற்றிக்கொண்டுதான் பழகினார்.

ஒரு நாள் சுகந்தி வெளியே கிளம்பியபோது, பஸ் ஸ்டாப் வரைக்குமாவது கொண்டுவிடுகிறேன் என்று கெஞ்சினார். அரை மனதாக ஏறினாள். பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினார்.

அவள் இறங்காமலே, "போங்க" என்றாள்.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த ஞாயிறு அவளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு நன்றி சொல்லத் திடலுக்கு வந்தார்.

"டீச்சர், வர்ற வழியில வெங்காய மண்டிகிட்ட ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து ரோட்டை அடைச்சிருச்சு. கிளீனர் இறங்கினதைத் தூரத்துலயே பாத்துட்டேன். ரெண்டு பிரேக்கையும் மெதுவாப் பிடிச்சு, பூ மாதிரி நிறுத்தினேன். நீயே சொல்லு சுகந்தி."

"எந்த லாரி?" என்றாள் சுகந்தி.

அவர் முகம் தொங்கிவிட்டது.

"மண்டிகிட்ட நின்னோமே."

"நின்னோமா? மத்தியானத்துக்கு என்ன குழம்பு வைக்கலாம்னு யோசிச்சுட்டு வந்தேன்."

மாசிலாமணி ரெஜினாவைப் பார்த்தார்.

"பாத்தீங்களா டீச்சர். உங்களுக்கு எவ்வளவு நன்றி சொல்லணும்னு இவ வாயால சொல்லவைக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

ரெஜினாவின் கண்கள் கலங்கியிருந்தன.

"அக்கா சொல்லிட்டாங்கண்ணே."