ஆத்துல விழுந்த மூட்டை

ஒரு ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா மக்கா. பேரு பாக்கியத்தாய். அவ வீட்டுக்குப் பின்னாலயே ஆறு. ஆறுன்னா தண்ணி எங்க தெரியுது? பாலத்துக்கு அடியில பழைய மெத்தை, பாலிதீன் பை, அது இதுன்னு அடைச்சுக் கெடந்துச்சு. போன ஐப்பசி மழையில தண்ணி போக வழியில்லாம தெருவுக்குள்ள வந்துட்டு. வீட்டுக்கு வீடு இடுப்பளவு தண்ணி. ம் சொல்லு... ஆங்.

அப்புறம் அவ வீடு வீடாப் போனா. "ஞாயித்துக்கிழமை ஆத்தைச் சுத்தம் பண்ணுவோம், வாங்க"ன்னா. எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. வந்தது யாரு? பிளம்பர் பிச்சையா மட்டுந்தான். ரெண்டே பேரு! சளக் புளக்னு இறங்கி அள்ளுனாங்க.

அப்போ பாலத்து மேல இருந்து, தொப்! ஒரு மூட்டை. உள்ள கோழி இறகு, குடலு. ஐய, நாத்தம்! கோழிக்கடை சுடலைக்கண்ணு போட்டுட்டு சைக்கிள்ல போறாரு.

பிச்சையா சண்டைக்குக் கெளம்புனாரு. "நீங்க இருங்கண்ணே"ன்னுட்டு, பாக்கியத்தாய் அந்த மூட்டையைத் தூக்கிக்கிட்டு, சொட்டுச்சொட்டுனு ஒழுக ஒழுக, நேரா கடைக்கே போனா.

"அண்ணாச்சி, உங்க மூட்டை ஆத்துல விழுந்துட்டு. எடுத்துட்டு வந்தேன்."

அவரு வெடுக்குன்னு வாங்கி, கடைக்குப் பின்னால போட்டாரு.

அடுத்த ஞாயிறும், தொப்! இவ மறுபடியும் தூக்கிட்டுப் போனா. கறி வாங்க நின்னவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு நகந்துட்டாங்க. "உனக்கு வேற சோலி இல்லையா?"ன்னு அவரு கத்திட்டாரு. அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்து அழுதா மக்கா. கையில நாத்தம் போகல, சோறு எறங்கல.

மூணாவது ஞாயிறு... தூங்கிட்டியா? ம். அவரு வீம்புக்கு ரெண்டு மூட்டையை ஒண்ணாக் கட்டிப் போட்டுட்டு, என்ன செய்யுதான்னு மேல நின்னு பாத்தாரு. கனம் தாங்காம பாக்கியத்தாய் வழுக்கி, சேத்துல இடுப்பு வரைக்கும் புதைஞ்சுட்டா! பிச்சையா இழுக்காரு, வரல. அப்போ சுடலைக்கண்ணு சைக்கிளைத் தூக்கிப் போட்டுட்டு, தடதடன்னு ஓடி வந்து இறங்குனாரு. ரெண்டு பேருமா சேந்து இழுத்தாங்க. வெளிய வந்ததும் அவ என்ன கேட்டா தெரியுமா?

"அண்ணாச்சி, மூட்டை எங்க?"

அவருக்கு முகம் செத்துப் போச்சு. "நான் இதை எங்கதான் தாயி கொட்டுவேன்? குப்பை வண்டியில வாங்க மாட்டேங்காங்க."

"எங்க வீட்ல நாலு தென்னை நிக்கு"ன்னாரு பிச்சையா. "குழி வெட்டிப் பொதைப்போம், உரமாகும்."

சுடலைக்கண்ணு கடைக்குப் போகல. பாக்கியத்தாய் அந்த வாரம் புதுசா வாங்கிக் கையில மாட்டியிருந்த கிளவுஸ்ல ஒண்ணைக் கழட்டிக் குடுத்தா. அவளுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு.

கோழிக்கடைக்காரரே ஆத்துல நிக்காருன்னு ஊரெல்லாம் பேச்சு. வேடிக்கை பாக்க வந்தவங்கள்ல பாதிப்பேரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கிட்டாங்க. நாலு ஞாயிறு ஆச்சு, அந்த மெத்தையை வெளிய இழுக்க.

அப்புறம் மழை வந்துச்சு. மூணு நாளு, சோன்னு. தெருவுல ஒரு வீட்டுப் படியும் முங்கல. நாலாம் நாள் காலைல பாலத்து மேல வந்த பஸ்ஸை டிரைவர் நிறுத்திட்டாரு. உள்ள இருந்தவங்க எல்லாரும் சன்னல் வழியா எட்டிப் பாத்தாங்க. ஆறு ஓடுது!

அவ்வளவுதான் மக்கா. ஆறு அது போக்குல போவுது, நீ உன் போக்குல தூங்கு.