செம்பருத்தி இலையின் அடிப்பக்கம்

கோவில்பட்டியில் ஒரு டயர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில், திலகவதி டீச்சர் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுத்துவந்தார். அவரிடம் பூவலிங்கம் என்பவர் சீடராக வந்து சேர்ந்தார். சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. டீச்சர் அவரைவிட மிகவும் இளையவர்.

பூவலிங்கம் ஒரு பெயிண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேதியியலில் டீச்சருக்குத் தெரியாத பலவும் அவருக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை கொட்டாவி விட்டால் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவருக்கு ‘பெயிலான சார்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவர் காதுக்கும் வந்தது.

ஒருநாள் பிள்ளைகள் போன பிறகு அவர் கேட்டார்.

“பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லித் தர்றதுல நமக்கு என்ன டீச்சர் கிடைக்குது?”

“எனக்குத் தொண்டைக்கட்டு கிடைச்சிருக்கு.”

“விளையாட்டுக்குக் கேட்கல டீச்சர்.”

டீச்சர் சோதனைக்குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“எட்டாம் வகுப்பை நீங்க எடுத்துப் பாருங்க,” என்றார்.

அந்த டியூஷனில் ஒரு வழக்கம் இருந்தது. தீபாவளி கழிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றவர்களை வரச்சொல்லுவார்கள். ஒவ்வொரு வகுப்பும் ஒரு சோதனை செய்துகாட்டும். பாடம் எடுப்பவர் முதலில் செய்வார், பிள்ளைகள் கூடவே செய்வார்கள். பார்த்த பிறகு, பிள்ளையை அந்த வகுப்பில் தொடர்ந்து விடுவதா வேண்டாமா என்று பெற்றவர்கள் முடிவு செய்வார்கள். எட்டாம் வகுப்பு பூவலிங்கத்திடம் நிலைக்குமா என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

நிலைக்காவிட்டால் கோயம்புத்தூர். அங்கே அவர் மைத்துனர் மோட்டார் பம்பு கடை வைத்திருந்தார். குடோனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மச்சான் வந்தால் நல்லது என்று மாதாமாதம் போன் செய்தார். பூவலிங்கத்தின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்போம் என்று அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

அவர் எடுத்துக்கொண்டது இலைச் சோதனை. தொட்டிச் செடியை முதலில் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு ஓர் இலையின் நடுவில் கறுப்புக் காகிதத்தைச் சுற்றி, செடியை வெயிலுக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் பட்ட இடத்தில் இலை மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். மூடிய இடத்தில் சேர்க்காது. இலையைப் பறித்து ஸ்பிரிட்டில் வேகவைத்துப் பச்சையை எடுத்துவிட்டு அயோடின் விட்டால், மாவுச்சத்து உள்ள இடம் மட்டும் கருநீலமாகும்.

பிள்ளைகள் வீட்டுக்கு வீடு செம்பருத்திச் செடியைப் பீரோவுக்குப் பக்கத்திலும் கட்டிலுக்கடியிலும் தள்ளிவைத்தார்கள். காகிதமும் சுற்றியாகிவிட்டது. அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. கரிசல் பூமி மழைக்கு ஏங்கிக் கிடந்த வருஷம் அது. ஊரே சந்தோஷமாக இருந்தது. பூவலிங்கம் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் ஓர் இலையைப் பறித்துச் செய்து பார்த்தார். சாயம்போன வேட்டி மாதிரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டைக்குப் போட வைத்திருந்த கஞ்சியில் கொஞ்சம் எடுத்தார். பச்சை நீக்கிய ஓர் இலையின் மேல், நடுவில் ஒரு பட்டையை விட்டுவிட்டு, மெல்லிய பிரஷால் அதைப் பூசினார். காற்றாடியில் காயவைத்தார். இருபத்தைந்து வருஷம் தகட்டில் பெயிண்ட் பூசிப் பார்த்த கை. பூசியதே தெரியவில்லை.

பெற்றவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாத்திரத்திலிருந்து தட்டுக்கு மாற்றும்போது இலையை மாற்றிவிட்டார். அயோடின் விட்டதும் இரண்டு பக்கமும் மையாகக் கறுத்து, நடுவில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று நின்றது. கை தட்டினார்கள்.

பிள்ளைகளின் இலைகள் எதுவும் கறுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தட்டை மூடிவிட்டார்கள். முத்துதர்ஷினி என்ற பெண் மட்டும் மூடவில்லை, இன்னும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். அவள் அப்பா லாரி ஷெட் வைத்திருப்பவர். எட்டிப் பார்த்தார்.

“சார் இலை எப்படி இருக்கு, உன் இலை எப்படி இருக்கு பாரு. அழுத மூஞ்சியாட்டம். என்னத்தைப் பிள்ள செஞ்சே?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பூவலிங்கமும் சிரித்தார்.

பிள்ளைகள் சாரிடமே இருக்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் மனைவி அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். சாரின் இலையைப் பிள்ளைகள் ஒரு சார்ட்டில் ஒட்டிச் சுவரில் மாட்டினார்கள். டீச்சர் அதன் முன்னால் சற்று நேரம் நின்றார்.

அடுத்த வாரத்திலிருந்து முத்துதர்ஷினி வரவில்லை. அவளுக்கு சயின்ஸ் கைவராதாம் சார், அவளே சொல்லிட்டா, என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். பூவலிங்கம் அவள் வீட்டுக்குப் போன் செய்ய நினைத்தார். நாளைக்குச் செய்யலாம் என்று இருந்தார். பிறகு அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்தது.

மழை விட்டு நல்ல வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரு சாயங்காலம் முத்துதர்ஷினி டிபன் டப்பாவுடன் வந்து வகுப்பு வாசலில் நின்றாள். டப்பாவில் ஈரத் துணிக்குள் மூன்று இலைகள் இருந்தன. ஒன்று சுவரில் ஒட்டியிருந்த சாரின் இலை.

“சார், உங்க இலையில அடிப்பக்கம் வெளுப்பா இருக்கு. வெயில் வந்தப்புறம் நான் மறுபடி செஞ்சேன். என்னோடதுல மேல்பக்கம், அடிப்பக்கம் ரெண்டும் நீலமா வருது. ஏன் சார்?”

அவள் குற்றம் சொல்ல வந்தவள் போல இல்லை. தெரியாததைக் கேட்க வந்தவள் போலத்தான் நின்றாள்.

“சார் இலைக்கு ஒரு பக்கம் மட்டும்தான் பசிச்சிருக்கு,” என்றான் ஒரு பையன். வகுப்பு சிரித்தது.

பூவலிங்கம் டப்பாவை வாங்கி மூன்று இலைகளையும் பார்த்தார். அவளிடம் ஒன்றிரண்டு கேள்விகள் கேட்டார். பதில் சொன்னாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வகுப்பை விட்டுவிட்டார். அப்பா வண்டியில் வருவார் என்று அவள் கீழே போய் நின்றாள்.

பூவலிங்கம் டீச்சரின் அறைக்கு வந்தார்.

“சுவர்ல இருந்த இலையை யாரு டீச்சர் எடுத்துக் கொடுத்தது?”

“நான்தான்.”

“என்னை மாட்டிவிட்டுட்டீங்க.”

“டியூஷனை விட்டு நிக்கிறேன்னு சொல்லிட்டுப் போக வந்தா. எங்கே தப்பு செஞ்சேன்னே தெரியல டீச்சர்னு அழுதா. சார் இலையை எடுத்துட்டுப் போ, உன் இலையோட வச்சுப் பாருன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.”

“உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?”

“வாரம் பூரா வெயிலே இல்ல சார். அவ்வளவு நீலம் எங்கிருந்து வரும்?”

“அப்ப அவகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா, சார் சொன்னதை விட்டுட்டு டீச்சர் சொன்னதை நம்பியிருப்பா.”

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

“இலை கொஞ்சம் தடிமன், அயோடின் அடிப்பக்கம் வரைக்கும் இறங்கலன்னு சொல்லிடலாமா டீச்சர்?”

“சொல்லலாம்.”

“நம்புவாளா?”

“நீங்க சொன்னா நம்புவா.”

அவர் தலையை மெல்ல ஆட்டினார்.

“இல்ல டீச்சர். நம்ப மாட்டா. திருப்பிப் பார்த்ததோட அவ விடல. என் இலையில ஒரு ஓரத்தை நனைச்சு, பஞ்சால துடைச்சிருக்கா. நீலம் பஞ்சுல வந்திருச்சு. துடைச்ச இடத்துல திரும்ப அயோடின் விட்டிருக்கா, கறுக்கல. அப்புறம் அவளோட இலையை அதே மாதிரி துடைச்சிருக்கா. அது போகல. உள்ளே இருக்கிறது எப்படிப் போகும்?”

“சரி.”

“அதோட நிறுத்தியிருக்கலாம்ல? நிறுத்தல. அவ வீட்டுச் செடியிலேயே இன்னொரு இலை. அதை முழுசா மூடிவச்சு, பச்சை எடுத்து, அயோடின் விட்டுப் பார்த்திருக்கா. ஒண்ணும் வரல. அப்புறம் அதே இலையில சோத்துக் கஞ்சியைத் தடவி மறுபடி விட்டிருக்கா. மேல்பக்கம் கறுத்துச்சு, அடிப்பக்கம் வெளுப்பு. துடைச்சா போயிருச்சு. என் இலை மாதிரியே. மூணாவது இலை டீச்சர். அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரல. நான் சொல்லித் தரல. எங்க கம்பெனியில டிகிரி முடிச்சு வந்தவனுக்கே அது தோணாது.”

இதைச் சொல்லும்போது அவர் எழுந்து நின்றிருந்தார். இடது கையை இலைபோல விரித்து, வலது கை விரலால் துடைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அந்தக் கையையே பார்த்தார்.

“கஞ்சின்னு கண்டுபிடிச்சுட்டா,” என்றார் டீச்சர். “பின்னே ஏன் உங்ககிட்ட ஏன் சார்னு கேட்குறா?”

பூவலிங்கம் கையை இறக்கினார். வாசலில் செருப்பை மாட்டாமலே கீழே இறங்கிப் போனார்.

படியடியில் அவளிடம் என்ன சொன்னார் என்பது மேலே கேட்கவில்லை. சொல்லிமுடித்து வர அதிக நேரம் ஆகவில்லை. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“என்ன சொன்னா?” என்று கேட்டார் டீச்சர்.

“முதல்ல தரையைப் பார்த்துட்டே நின்னா. ‘அப்ப அன்னைக்கு என் இலை சரிதானா சார்’னு கேட்டா. சரிதான், வெயில் இல்லாத நாளுக்கு அதுதான் சரின்னேன். அப்புறம், எந்தப் பிரஷ்ல சார் பூசினீங்கன்னு கேட்டா. அவ பூசினதுல கோடு கோடா விழுந்துச்சாம்.”

டீச்சர் சிரித்தார். பூவலிங்கம் சிரிக்கவில்லை.

“அவங்க அப்பா வந்துட்டார் டீச்சர். அவர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, பெரிய மனுஷன் செய்யற வேலையா சார் இதுன்னார். நாளைக்கு எல்லார் வீட்டுக்கும் தெரிஞ்சிரும். தெரியட்டும், நானே போன் செஞ்சும் சொல்லிடறேன். அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையை என்கிட்ட விடுவாங்க?”

“சில பேர் விட மாட்டாங்க.”

“எட்டாம் வகுப்பை நீங்களே எடுத்துக்கோங்க. கோயம்புத்தூர்ல இன்னும் ஆள் கிடைக்கலன்னு மைத்துனர் சொன்னார். நான் கிளம்புறதுதான் மரியாதை. போகட்டுமா டீச்சர்?”

டீச்சர் ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“நமக்கு என்ன கிடைக்குதுன்னு அன்னைக்குக் கேட்டீங்களே. போறதுன்னா போங்க. அதுக்கு முன்னாடி அந்த மூணாவது இலையை இன்னொரு தடவை சொல்லுங்க, கேட்போம்.”