ஊற்றுக்கண் அருகே உட்கார்ந்த குரங்கு

மலைக்காட்டின் நடுவே ஒரு வெந்நீர் ஊற்று இருந்தது. பாறை வெடிப்பிலிருந்து ஆவி பறக்கத் தண்ணீர் வரும். ஒரு பள்ளத்தில் தேங்கும். ஓரத்துக்குப் போகப் போகச் சூடு தணிந்து, கடைசியில் வெதுவெதுப்பாகி ஓடையில் சேரும். மார்கழியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துவிட்டால், காட்டு மிருகங்கள் காலையிலேயே அங்கே வந்து சேர்ந்துவிடும்.

அந்த ஊற்றில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்றுக்கண்ணை ஒட்டித் தண்ணீருக்குள் ஒரு தட்டைப் பாறை கிடந்தது. அதில் ஒருவர்தான் உட்காரலாம். உட்கார்ந்தால் சூடு எலும்பு வரை இறங்கும். அந்த இடம் உடம்பு முடியாதவர்களுக்கு. 'எனக்கு முடியவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் வழிவிடுவார்கள். இரை தேடிப் போக முடியாதே என்று ஆளுக்குக் கொஞ்சம் தின்னவும் கொண்டு வந்து வைப்பார்கள். என்ன நோய், எங்கே வலி என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. வலியோடு வந்தவரை நிற்க வைத்து விசாரிப்பது அசிங்கம் என்று அந்தக் காட்டில் நினைத்தார்கள்.

மூக்கன் என்று ஒரு குரங்கு. கெட்டவன் அல்ல. குளிர் தாங்காதவன், அவ்வளவுதான். குளிர் எல்லோருக்கும்தான் அடித்தது. ஆனால் தனக்கு அடிப்பது மட்டும் தனிக் குளிர் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஒருநாள் அந்தத் தட்டைப் பாறை காலியாக இருப்பதைப் பார்த்தான். மறுநாள் விடிந்ததும் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான்.

"எனக்கு முடியலை" என்றான்.

"அடடா, வா தம்பி. வழி விடுங்கப்பா" என்றார் கரடியார்.

எவ்வளவு சுலபம் பாருங்கள்! மூக்கன் பாறையில் ஏறி உட்கார்ந்தான். முள்ளம்பன்றி கிழங்கு கொண்டு வந்தது. மிளா மான் அத்திப்பழக் கொத்தை வாயில் கவ்வி வந்து வைத்தது. பதினைந்தே நாளில் மூக்கனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

நடிப்பதில்தான் கொஞ்சம் கவனக்குறைவு. ஒருநாள் இடது காலை இழுத்தான். மறுநாள் வலது காலை. நேற்று எந்தக் கால் என்பது அவனுக்கே நினைவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. 'சரியான அப்பாவிகள்' என்று மூக்கன் மனதுக்குள் சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான் சிட்டாள் வந்தாள். அவள் ஒரு முயல். முந்தின நாள் கல் உருண்டு விழுந்து அவளுடைய பின்னங்கால் நசுங்கியிருந்தது. மூன்று காலால் தத்தித் தத்தி, ஊற்றங்கரைக்கு வந்து நின்றாள். பாறையில் மூக்கன் இருப்பதைப் பார்த்தாள்.

கரடியார் தொண்டையைச் செருமினார். அதற்குள் சிட்டாளே சொல்லிவிட்டாள்.

"வேண்டாம் மாமா, அவரை எழுப்பாதீங்க. இத்தனை நாளா அங்கேயே இருக்கார்னா அந்த அண்ணனுக்கு எவ்வளவு வலி இருக்கணும்? எனக்கு நேத்துத்தானே அடிபட்டது. நான் ஓரமா இருந்துக்கிறேன்."

மூக்கனுக்குக் காது வரை சூடேறியது. வெந்நீர்ச் சூடு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

அப்போதே எழுந்திருக்கலாம். ஆனால் எழுந்தால் நடக்க வேண்டும். எந்தக் காலை இழுப்பது? முயல் வந்த அன்றைக்கே 'எனக்குச் சரியாகிவிட்டது' என்று சொன்னால் சந்தேகப்பட மாட்டார்களா? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தான். மறுநாளும் அதையே நினைத்தான்.

மூன்றாம் நாள் சிட்டாள் இரண்டு நெல்லிக்காய்களை மூக்கால் உருட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் நின்று நின்று வந்திருக்கிறாள். மூச்சு வாங்கியது.

"சாப்பிடுங்க அண்ணா. உங்களாலதான் மரம் ஏற முடியாதே" என்றாள்.

மூக்கன் ஒன்றை வாயில் போட்டான். மற்றதைத் தொடவே இல்லை. சிட்டாள் போய் ஓரத்து வெதுவெதுப்பில் சுருண்டுகொண்டாள். அவளுடைய கால் நாளுக்கு நாள் விறைத்துக்கொண்டே போனது எல்லோருக்கும் தெரிந்தது. அன்று பொழுது சாயும் வரை மூக்கன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இவ்வளவு கேவலமானவனா நான் என்று அவனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

நான்காம் நாள் கடும்பனி. சிட்டாளைக் காணவில்லை. வெயில் ஏறத் தொடங்கியபோது முள்ளம்பன்றி பதறிக்கொண்டு வந்தது.

"சிட்டாள் வர்ற வழியில சறுக்கி விழுந்துட்டா. சரிவுல ஒரு புதர்ல மாட்டிக் கிடக்கா. கூப்பிட்டா முனகல்தான் வருது. உடம்பு அசையாமக் கிடக்கு. இந்த முதுகை வச்சுக்கிட்டு நான் எப்படி இறங்கித் தூக்குவேன்?"

எல்லோரும் ஓடிப் போய்ச் சரிவை எட்டிப் பார்த்தார்கள். செங்குத்தான சரிவு. கரடியார் இறங்கினால் கல்லெல்லாம் பெயர்ந்து முயல் மேலேயே விழும். மானால் குளம்பு வைக்க முடியாது. மரக்கிளையைப் பிடித்துத் தொங்கி இறங்கத் தெரிந்தவர்தான் போக முடியும். அப்படி ஒருவன்தான் அங்கே இருந்தான். அவனுக்குத்தான் கால் முடியாதே! கரடியார் மட்டும் மெல்லத் திரும்பி, தூரத்தில் தட்டைப் பாறையில் உட்கார்ந்திருந்த மூக்கனைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார்.

மூக்கன் எழுந்துவிட்டான். தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடினான். இடது கால், வலது கால் எதுவும் நொண்டவில்லை. அத்தனை பேர் கண் முன்னாலும் ஒரே தாவலில் மரக்கிளையைப் பிடித்தான். தொங்கிச் சரிவில் இறங்கினான். சிட்டாளை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே ஏறினான். பனிக்காற்று நனைந்த உடம்பைக் கத்தியாக அறுத்தது. அவன் நிற்கவில்லை.

பாதி வழியில் சிட்டாள் கண் திறவாமலே முனகினாள்.

"மெதுவாப் போங்க அண்ணா... கால் வலிக்கும்."

மூக்கன் அழுதுகொண்டே ஓடினான்.

அவளைத் தட்டைப் பாறையில் கிடத்தினான். சூடு ஏற ஏற அவளுடைய மூச்சு சீரானது. மூக்கன் கரையேறி நடுங்கிக்கொண்டு நின்றான். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது.

"என் காலுக்கு ஒண்ணுமில்லை. ஒருநாளும் ஒண்ணும் இருந்ததில்லை" என்றான்.

"தெரியும்" என்றார் கரடியார். "வந்த மூணாம் நாளே தெரியும். ஒருநாள் இடது கால், மறுநாள் வலது கால்."

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"உன்னைக் கேட்டா, நாளைக்கு வர்ற நோயாளியையும் கேக்கணும். காலைக் காட்டு, புண்ணைக் காட்டுன்னு நிக்க வைக்கணும். அதுக்கு நீ ஏமாத்திட்டே போறது பரவாயில்லைன்னு விட்டோம். இந்தப் பொண்ணு வந்த அன்னைக்காவது நீயா எழுந்திருப்பேன்னு நெனச்சேன். அன்னைக்கும் நான் வாயைத் திறக்காம இருந்தது என் தப்புதான்."

கரடியார் தலை குனிந்துகொண்டார். மூக்கனுக்கு அங்கே நிற்கவே கூசியது. அவன் தின்ற ஒவ்வொரு கிழங்கும் ஒவ்வொரு பழமும் தெரிந்தே கொடுத்தவை. யாரை அப்பாவிகள் என்று சிரித்தானோ, அவர்கள் யாரும் ஏமாறவே இல்லை. உண்மையிலேயே அவனை நம்பியது ஒரே ஒருத்திதான்.

உச்சி வெயிலில் அவள் கண் விழித்தாள். "அண்ணா, கால் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மூக்கன் தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தான்.

"அப்போ உங்களுக்கு வலியே இல்லையா?" என்றாள் சிட்டாள். "அப்பாடா. நான் அதை நெனச்சுத்தான் கவலைப்பட்டுக்கிட்டே இருந்தேன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க மூக்கன் தினமும் மரமேறி அவளுக்கு நெல்லிக்காய் பறித்து வந்தான். நடுவில் இடம் இருக்கிறது, வா என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவன் சிட்டாள் சுருண்டு கிடந்த அந்த ஓரத்து வெதுவெதுப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

கேள்வி கேட்காமல் நம்பிக் கொடுக்கும் இடத்தைப் பொய் சொல்லிப் பிடிப்பவன், உண்மையிலேயே துன்பப்படுகிறவரின் இடத்தைத்தான் பறிக்கிறான்.