முள் நிரப்பிய இடம்

"அம்மா, தென்காசியில இருக்கிற என் பொண்ணுக்குப் பதினோரு கடிதம் போட்டுட்டேன். ஒரு வரி பதில் இல்லை. இன்னும் எதைச் சொன்னா அவ மனசு இறங்கும்?"

கேட்டவர் சவரிமுத்து. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். அந்த அம்மா கோதைநாயகி, அவரைவிட இருபது வயது இளையவர், மகரந்தத்தை ஆராய்கிறவர். மகரந்தத்தைப் பார்த்து வரையக் கற்றுக்கொடுங்கள் என்று சவரிமுத்து அவரிடம் வந்து ஆறு மாதம் ஆகிறது.

"என்ன எழுதினீங்க?"

"நடந்ததைத்தான். அவ கல்யாணத்துக்கு நான் ஏன் போகலை, அந்தப் பையனை ஏன் வேண்டாம்னேன், ஊர்ல என் நிலைமை என்ன. ஒண்ணு விடாம, நாலு நாலு பக்கம்."

கோதைநாயகி அவருடைய வரைபட நோட்டுக்குக் கை நீட்டினார்.

"நேத்து வரைஞ்ச வெண்டை மகரந்தத்தைக் காட்டுங்க."

காட்டினார். அடேயப்பா, என்ன கை! உருண்டை முழுக்க முள். முள்ளுக்கு முள் ஒரே இடைவெளி.

"மொட்டுக்குள்ள இருக்கும்போதே இந்த முள்ளெல்லாம் முளைச்சிடுதுன்னு சொன்னீங்களேம்மா."

"ஆமா. தேனீ மேல ஒட்டிக்கிட்டுப் போறதுக்கு. நடுநடுவே முள் இல்லாம வட்டம் வட்டமா இருந்திருக்குமே, அதெல்லாம் எங்கே?"

"அதுவா? பார்க்கிறதுக்கு முன்னாடி அமிலத்துல கழுவினோமே, அதுல தேய்ஞ்சு போச்சும்மா. பழைய நிலப்படத்துல கோடு அழிஞ்சிருந்தா நாங்களே போட்டுடுவோம். அதே மாதிரி முள்ளைப் போட்டு நிரப்பிட்டேன்."

இதில் பெருமை வேறு! கோதைநாயகிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அன்று காலை பூத்த வெண்டைப் பூவை எடுத்து, சர்க்கரைத் தண்ணீர்ச் சொட்டில் மகரந்தத்தை உதறி, நுண்ணோக்கியில் வைத்தார்.

"பாருங்க. எழுந்திருக்காதீங்க."

கழுவாத, உயிருள்ள மகரந்தத்தைச் சவரிமுத்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் மனசு என்னவோ மகளிடமே கிடந்தது. அவள் குரலைக் கேட்டு ஏழு வருஷம். பேத்தி பிறந்ததே யாரோ சொல்லித்தான் தெரியும்.

அரை மணி கழிந்திருக்கும். ஒரு மகரந்தத்திலிருந்து மெல்லிய குழல் ஒன்று வெளியே நீண்டது.

"அம்மா! நான் அடைச்ச இடத்து வழியாத்தானே வருது!"

"விதையாகப் போற சூலைத் தேடிப் போற குழல் அது. அதுக்கு வேற வழி கிடையாது."

சவரிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தென்காசிக்கு பஸ் எத்தனை மணிக்கும்மா?"

"கடிதம் எழுதலையா?"

"எழுதி எழுதித்தானே வழியை அடைச்சேன்? தப்பு என் மேலதான். அதை மட்டும் அவகிட்ட நேர்ல சொல்லிட்டு நிக்கிறேன்."