நாலு பேருக்கு ஓர் அண்டா

சீவலோடையில் பகல் பஸ் வந்து நின்றதும் நாலு பேர் இறங்கினார்கள். ஐம்பத்தைந்து பேர் உட்காரக்கூடிய பஸ். இறங்கிய நாலாவது ஆள் உமாபதி. இந்த பஸ்ஸை அனுப்புகிற பணிமனைக்கு அவர்தான் கிளை மேலாளர். வணக்கம் வைக்க வந்த கண்டக்டரைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, கடைசி சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து வந்திருந்தார்.

அப்படியும் தப்பிக்க முடியவில்லை. வழியில் முன் சீட்டுப் பெண் திரும்பி அவரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவள் பேர் முத்துப்பேச்சி. பக்கத்தில் அவள் புருஷன் காசிராஜன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான்.

"இந்த பஸ்ஸை நிறுத்தப்போறாகளாமே, நிசமா?"

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாக. இவுகளுக்கு வாரம் ரெண்டு நாள் ரத்தம் சுத்தம் பண்ணணும். இன்னைக்கும் விடியுமுன்னே போயி, பண்ணிட்டுத்தான் வாறோம். பஸ் நின்னா ஆட்டோவுக்குக் கொடுத்து மாளுமா? வீட்டுலயே படுக்கப் போட்டு, ஆகுறது ஆகட்டும்னு பார்த்துட்டு இருக்க வேண்டியதுதான்."

உமாபதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. ஒன்று பஸ்ஸை நிரப்பு, இல்லாவிட்டால் நிறுத்து. நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். பணிமனையில் ஒரு மினி பஸ் சும்மா நிற்கிறது. அதைச் சீவலோடைக்கு அனுப்பினால் செலவு குறையும், மேலிடமும் வாயை மூடிக்கொள்ளும், யார் குடியும் முழுகிவிடாது. எந்த ஊருக்கு எந்த வண்டி என்பது உமாபதியின் கையில்தான் இருந்தது. ஆனால் ஊர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

இந்தப் பெரிய பஸ் ஒரு காலத்தில் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்து வாங்கிய பஸ். முதல் நாள் அதற்கு வாழை மரம் கட்டி, மாலை போட்டு, சூடம் காட்டியிருக்கிறார்கள். மினி பஸ் பற்றிப் பேச உமாபதி போன மாதம் வந்தபோது ஊர்த் தலைவர் வெள்ளைச்சாமி துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பக்கத்து ஊருக்குப் பெரிய பஸ்ஸு, எங்களுக்கு மட்டும் தீப்பெட்டியா? பெரிசு வராட்டி எதுவும் வர வேணாம்" என்றார். கூட்டமே கை தட்டியது. தட்டி முடித்துவிட்டு எல்லோரும் அவரவர் பைக்கில் வீட்டுக்குப் போனார்கள். முத்துப்பேச்சி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவளை யாரும் கூப்பிடவுமில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே தவமணி அம்மாவின் மடம். அம்மா உமாபதியைவிடப் பத்து வயது இளையவர். அதற்காக உமாபதி ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. எது பிடிபடாவிட்டாலும் இங்கே வந்துவிடுவார். பகல் பஸ்ஸில் இறங்குகிறவர்களுக்கு இந்த மடத்தில் ஒருவேளைச் சாப்பாடு உண்டு. யார், எவர் என்று கேட்கிற பழக்கமில்லை. முத்துப்பேச்சியும் காசிராஜனும் கூட வந்த கோழி வியாபாரியும் உள்ளே போய் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

உமாபதி சமையல்கட்டுக்குப் போய் நின்று, தன் பிரச்சினையை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார்.

"மேலேயும் சமாளிக்க முடியலை, ஊரையும் சமாளிக்க முடியலை. பேசாம நிறுத்திட்டா என்னம்மா?"

"முதல்ல சாப்பிடுங்க. உலை வைக்கணும், ஒரு கை பிடிங்க."

அம்மா காட்டியது ஒரு பித்தளை அண்டா. நூறு பேருக்குப் பொங்கலாம். இருவரும் மூச்சு வாங்கத் தூக்கிக் கோட்டை அடுப்பில் ஏற்றினார்கள். அம்மா அதற்குள் ஒரு படி அரிசியைப் போட்டு, அதற்கான தண்ணீரை ஊற்றினார். அரிசி அண்டாவின் அடியில் எங்கேயோ கிடந்தது. கட்டை கட்டையாக விறகு போயிற்று.

அண்டா சூடேறவே வெகுநேரம் ஆனது. சூடேறியதும் தண்ணீர் சட்டென்று வற்றிவிட்டது. தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் போனது. அம்மா அகப்பையை விட்டுக் கிளறினார். அடியில் கரி, மேலே வேகாத நறுக்கரிசி.

கூடத்தில் காசிராஜன் சுவரில் சாய்ந்து கிடந்தான். முத்துப்பேச்சி முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

உமாபதிக்கு எரிச்சல் வந்தது. "ஏம்மா, மடத்துல சின்னப் பானையே கிடையாதா?"

"இருக்கு. பரண்ல."

"அப்புறம் ஏன் இதுல வைக்கறீங்க?"

"இது வெள்ளைச்சாமி கொடுத்தது. பேர் வெட்டியிருக்கு, பாருங்க."

அண்டாவின் கழுத்தைச் சுற்றி 'வெள்ளைச்சாமி உபயம்' என்று கொட்டை எழுத்தில் வெட்டியிருந்தது.

"சின்னப் பானையில வச்சா மடத்துக்குக் குறைச்சல்னு சொல்லுவார்."

"அவர் இங்க சாப்பிட வருவாரா?"

"ஒருநாளும் வந்ததில்லை."

உமாபதி தலையில் அடித்துக்கொண்டார். அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு செம்பு தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். புகை குப்பென்று எழுந்தது.

"என்னம்மா செய்றீங்க?"

"நாலு பேருக்கு இவ்வளவு விறகு கட்டுப்படியாகாது. நாளையிலிருந்து அடுப்பு பத்த வைக்கப்போறதில்லை. போய் அவங்களை எழுந்திரிக்கச் சொல்லுங்க."

உமாபதி கூடத்துப் பக்கம் திரும்பினார். முத்துப்பேச்சி இலையைத் துடைத்து வைத்துவிட்டு சமையல்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் எழுந்திரு என்று சொல்ல அவரால் முடியவில்லை.

"அந்த மனுஷன் பசியில துவண்டு கிடக்கார். எழுந்திருன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

அம்மா கரி பிடித்த அகப்பையைக் கழுவப் போனார்.

உமாபதி வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியை இழுத்துப் போட்டு, ஒட்டடை தலையில் விழப் பரணில் ஏறினார். அங்கே கவிழ்த்து வைத்திருந்த பானையை எடுத்துவந்து தேய்த்துக் கழுவினார். சின்ன அடுப்பில் நாலு சுள்ளியைப் பற்றவைத்து உலை வைத்தார். அரிசி களைந்து போட்டதும் அவரே. கஞ்சி பொங்கி வரும்வரை அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

சோறு பூவாக வந்திருந்தது. மூன்று பேருக்கும் தன் கையாலேயே போட்டார். காசிராஜன் மெல்ல மெல்லச் சாப்பிட்டான். முத்துப்பேச்சி அவன் முடிக்கும்வரை தன் இலையில் கை வைக்கவில்லை.

அவர்கள் கை கழுவும்போது, பஸ்ஸிலேயே ஒரு தூக்கம் போட்டு எழுந்த டிரைவரும் கண்டக்டரும் வந்து சேர்ந்தார்கள். பானையில் பருக்கை இல்லை. உமாபதி மறுபடி உலை வைத்தார். அவர்கள் முகம் கழுவி வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவதற்குள் சோறு தயாராகிவிட்டது. மேலாளர் பரிமாறுவதைப் பார்த்து டிரைவருக்குச் சோறு இறங்கவில்லை. அது அவர் கஷ்டம்.

பஸ் திரும்பிப் போக ஹாரன் அடித்தது. உமாபதி வாசலில் நின்று செருப்பை மாட்டினார். முத்துப்பேச்சி புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா, நாளைக்கு நான் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க."

"எனக்குப் புரியாம இல்லை. ஆனா வெள்ளைச்சாமி ஒத்துக்கணுமே. ஊரைக் கூட்டி இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமா?"

தவமணி அம்மா தீய்ந்த அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சித்த முன்னாடி பரண்ல ஏறினீங்களே, அப்ப யாரைக் கேட்டுட்டு ஏறினீங்க?"